யாரை நம்பி ஒப்படைப்பது?



மாணவர்கள் நிறைய வருவார்கள், திறமூல மென்பொருள் பற்றி உற்சாகமாக ஏதாவது பேசுங்கள் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். உற்சாகம் பிறகு வரட்டும். முதலில் கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2020 அக்டோபர் தொடக்கம். திறமூலத் திட்டங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கணினியைத் திறந்தால் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் குப்பை குவிந்து கிடக்கிறது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்துகிற ஹேக்டோபர்ஃபெஸ்ட் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்த மாதத்துக்குள் நான்கு திருத்தங்களை அனுப்பினால் டிஷர்ட் பரிசு. நம் நாட்டில் வெளியான யூடியூப் காணொளி ஒன்று, ரீட்மீ கோப்பில் இரண்டு சொல்லைச் சேர்த்து அனுப்புவது எப்படி என்று செய்து காட்டியது. பார்த்தவர்கள் அதை அப்படியே செய்தார்கள். யாரோ வருஷக்கணக்கில் கட்டி வளர்த்த மென்பொருளின் முகப்பில் 'அற்புதமான ப்ராஜெக்ட்' என்று ஒரு வரியைச் சேர்த்து, ஏற்றுக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். சில நாட்களிலேயே டிஜிட்டல்ஓஷன் விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும்தான் இந்த விழா என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

டிஷர்ட்டுக்கு ஆசைப்பட்ட பிள்ளைகளைத் திட்ட நான் வரவில்லை. வந்த ஒவ்வொரு திருத்தத்தையும் யாரோ ஒருவர் திறந்து படித்து, வேண்டாம் என்று மூடினாரே, அவரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அவரைப் பராமரிப்பாளர் என்போம். நீங்கள் மெயின்டெய்னர் என்பீர்கள். இரண்டையும் கலந்தே சொல்கிறேன்.

ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் உண்டு. சில பக்கங்களில் நீர்க்கட்டி என்பார்கள். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. தண்ணீர் அவருடையது இல்லை. பல ஊர்களில் அவருக்கு நிலமே இருக்காது. ஒரு வயலின் பக்கம் சாயக் காரணம் இல்லாதவர் என்பதே அவருக்கு அந்த வேலை கிடைத்ததற்கு ஒரு காரணம். அவரை ஊர் நம்புவது குணத்தைப் பார்த்து மட்டும் இல்லை. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ந்தது என்பதை வரப்பில் நின்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். மெயின்டெய்னர் வேலையும் ஏறக்குறைய இதுதான். எழுதிய நிரலை விட, எதை உள்ளே விடுகிறார், எதை விடவில்லை, அதை எவ்வளவு வெளிச்சத்தில் செய்கிறார் என்பதில்தான் அவர் பெயர் நிற்கிறது.

பொதுவாகப் பேசினால் இது உபதேசமாகிவிடும். ஆகவே ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போவோம்.

உங்கள் சட்டைப்பையில் இருக்கிற ஃபோனுக்கு, கொழும்பில் இப்போது மணி என்ன என்று தெரியும். 2000ஆம் ஆண்டில் கொழும்பில் மணி என்னவாக இருந்திருக்கும் என்றும் தெரியும். அப்போது அது இந்திய நேரத்திலிருந்து அரை மணி வேறுபட்டது என்பதும் தெரியும். இதை ஃபோன் செய்த நிறுவனம் கண்டுபிடித்துச் சேர்க்கவில்லை. 'டிஇசட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நேர மண்டலத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் கருவிகள், ஜாவா என்று எல்லாம் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கியது. இப்போது பார்த்துக்கொள்பவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பால் எக்கர்ட்.

அதன் மூலக் கோப்புகளை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். வெறும் எழுத்துக் கோப்புகள். 'ஏசியா', 'ஆஃப்ரிக்கா' என்று கண்டங்களின் பெயரில் இருக்கும். ஏசியா கோப்பில் இந்தியா என்று தேடினால் மதராஸ் நேரம் கிடைக்கும். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால், 1906 தொடங்கும் வரை என்று ஒரு வரி. நம் ஊர் ரயில்கள் ஓடிய நேரம் அது. இன்னும் கீழே போனால் இலங்கை. அங்கே மொறட்டுவை நேரம், 5 மணி 19 நிமிடம் 32 விநாடி. பிறகு 1996 மே மாதம் மின்வெட்டைச் சமாளிக்க ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அதே அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது, 2006 ஏப்ரலில் பழையபடி ஐந்தரைக்கே வந்தது. தேதிகளுக்கு மேலே குறிப்புகள் இருக்கும். விடுதலைப் புலிகள் வசமிருந்த பகுதிகளில் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை, கடிகாரங்கள் ஐந்தரையிலேயே நின்றன என்று ஒரு செய்தி நிறுவனத் தகவலை எடுத்து அங்கே பதிந்து வைத்திருக்கிறார்கள். யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதும் சேர்ந்தே இருக்கும்.

இந்தக் குறிப்புகள் கணினிக்குத் தேவையே இல்லை. அது அவற்றைத் தாண்டிப் போய்விடும். மனிதர்களுக்காக எழுதியவை அவை. 'நான் இந்த எண்ணைப் போட்டதற்கு இதுதான் ஆதாரம், தவறு என்றால் இதைக் காட்டிக் கேள்' என்று சொல்கிற ஏற்பாடு. ஒரு பராமரிப்பாளர் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், புத்தகம் எதையும் சொல்ல மாட்டேன், இந்தக் கோப்பைத்தான் காட்டுவேன்.

இது அமைதியான வேலை என்று நினைக்காதீர்கள். 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடைக்கால நேர மாற்றத்தைத் தள்ளிவைப்பதாகக் கடைசி நேரத்தில் அறிவித்தது. மாற்றம் நடக்க இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. டிஇசட் குழு மார்ச் 23 அன்று புதிய வெளியீடு ஒன்றைக் கொடுத்தது. அதற்குள் நாட்டில் பெரிய தகராறு. மாரோனைட் திருச்சபை அரசு சொன்னதை ஏற்கவில்லை. தொலைக்காட்சி நிறுவனங்கள் சில தாங்களாகவே பழைய திட்டப்படி கடிகாரத்தை மாற்றிக்கொண்டன. ஒரே ஊரில் இரண்டு நேரம். அரசு பின்வாங்கியது. மார்ச் 28 அன்று மறுபடியும் ஒரு வெளியீடு. ஒரு வாரத்துக்கு முந்தையதற்கே திரும்பிப் போனார்கள். அரசாணையை நம்புவதா, ஊரில் மக்கள் கடிகாரத்தை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதா என்ற கேள்விக்கு, இத்தனை கோடி ஃபோன்கள் காத்திருக்க, சில மணி நேரத்தில் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

எக்கர்ட் எடுத்த எல்லா முடிவையும் எல்லோரும் ஏற்றார்கள் என்றும் இல்லை. 1970க்குப் பிறகு ஒரே நேரத்தைக் கடைப்பிடித்த இடங்களை ஒரே மண்டலமாக இணைக்கத் தொடங்கியபோது கடும் எதிர்ப்பு வந்தது. நார்வேயின் பழைய நேர வரலாறு ஜெர்மனியோடு ஒட்டிக்கொண்டால் யாருக்குத்தான் கோபம் வராது? பழைய தரவை அவர் அழிக்கவில்லை. தனிக் கோப்பில் வைத்து, வேண்டுகிறவர்கள் அதையும் சேர்த்துத் தொகுத்துக்கொள்ள வழி விட்டார். அவர் செய்தது சரியா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் வாதாடுவதற்கான பொருள் முழுவதும் வாதாடுகிறவர் கையிலேயே இருக்கிறது.

இன்னொரு சம்பவம், இதைச் சொல்லாமல் விட முடியாது. 2011 செப்டம்பரில் அமெரிக்க ஜோதிட மென்பொருள் நிறுவனம் ஒன்று ஓல்சன் மீதும் எக்கர்ட் மீதும் வழக்குப் போட்டது. ஆம், ஜோதிடம்தான். ஜாதகம் கணிக்கப் பழைய நேர மாற்றங்கள் துல்லியமாகத் தேவை அல்லவா? தங்கள் நூலிலிருந்து தகவலை எடுத்துவிட்டார்கள் என்று புகார். தரவு வைத்திருந்த சர்வரை மூட வேண்டி வந்தது. உலகத்தின் கடிகாரம் ஓய்வு பெறப் போகிற ஒரு தனி மனிதரின் அலுவலகக் கணினியில் இருந்தது என்பது பலருக்கு அன்றுதான் உறைத்தது. சில நாட்களில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு பொறுப்பை எடுத்துக்கொண்டது. 2012 பிப்ரவரியில் வழக்கும் திரும்பப் பெறப்பட்டது. அதே மாதம் ஓர் ஆவணம் வெளியானது. ஒருங்கிணைப்பாளரை யார் நியமிப்பது, அவர் முடிவு பிடிக்கவில்லை என்றால் யாரிடம் முறையிடுவது, அவரை மாற்றுவது எப்படி என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதிய இருவரில் ஒருவர் எக்கர்ட். தன்னை நீக்கும் வழியைத் தானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அங்கேதான்.

சரி, பராமரிப்பாளர் என்ற இந்த இடத்துக்கு ஒருவர் எப்படி வந்து சேர்கிறார்?

லினக்ஸ் கெர்னலில் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள். அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இவற்றை வரி வரியாகப் படிப்பதில்லை, படிக்கவும் முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர். அவருக்குக் கீழே இன்னும் சிலர். லினஸ் நம்புவது சில பேரை. அவர்கள் நம்புவது வேறு சில பேரை. ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் அது யார் யார் கை வழியாக வந்தது என்று கையொப்ப வரிகள் வரிசையாக நிற்கும். நிரல் திருட்டு என்று எஸ்சிஓ நிறுவனம் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில், 2004இல் வந்த ஏற்பாடு அது. 'இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு, என் பொறுப்பு' என்பதுதான் அந்த வரியின் சாரம். அதில் உங்கள் பெயர் வரத் தொடங்குவதுதான் முதல் படி. அதற்கு முன்னால் மற்றவர் அனுப்பிய திருத்தத்தை, அதாவது பேட்ச்சை, சோதித்துப் பார்த்துச் சொல்வது, பக் ரிப்போர்ட்டை மறு உருவாக்கம் செய்து காட்டுவது, பதில் வராமல் கிடக்கிற கேள்விக்குப் பதில் சொல்வது என்று பெயர் வராத வேலை நிறைய உண்டு. மெயின்டெய்னர்கள் ஆள் தேடுவது அந்த வேலை நடக்கிற இடத்தில்தான்.

லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியன் வேறு மாதிரி. 1993இல் இயன் மர்டாக் தொடங்கியது. அங்கே உறுப்பினராக வேண்டும் என்றால், ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர் உங்களுக்காகப் பரிந்துரைக்க வேண்டும். உங்கள் மின்னணுச் சாவியில் மற்ற உறுப்பினர்கள் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அதற்கு நேரில் சந்தித்து அடையாள அட்டையைக் காட்டுவதுதான் காலங்காலமான வழக்கம். டெபியன் மாநாடுகளில், பாஸ்போர்ட்டையும் ஒரு தாளையும் கையில் பிடித்தபடி வரிசையாக நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் விசா அலுவலகம் என்றே தோன்றும். 2023இல் அந்த மாநாடு நமக்குப் பக்கத்திலேயே, கொச்சியில் நடந்தது. இது போதாது என்று, தத்துவம் என்ன, நடைமுறை என்ன, திறமை எவ்வளவு என்று கேள்விகள் கேட்டு ஆளை உருட்டி எடுப்பார்கள். மாதக்கணக்கில் போகும். சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. சலிப்பு நியாயம்தான், ஆனால் அடுத்து நான் சொல்லப்போகிற கதையைக் கேட்ட பிறகு அந்த வரிசை அவ்வளவு அபத்தமாகத் தெரியாது.

எக்ஸ்இசட் யூடில்ஸ். கோப்புகளைச் சுருக்குகிற சிறிய மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கிறது. ஃபின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் பல ஆண்டுகளாக, சம்பளம் இல்லாமல், தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2021 இறுதியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சிறு சிறு திருத்தங்களை அனுப்பத் தொடங்குகிறார். எல்லாம் ஒழுங்கான திருத்தங்கள். 2022 வசந்த காலத்தில் புதுப்புதுப் பெயர்கள் முளைக்கின்றன. பேட்ச் வந்து இத்தனை நாளாயிற்றே, ஏன் சேர்க்கவில்லை என்று ஒருவர் துளைக்கிறார். புது மெயின்டெய்னர் வந்தாலொழிய இது நகராது என்று குத்திக் காட்டுகிறார். இன்னொருவர், முடியவில்லை என்றால் வேறு யாருக்காவது கொடுக்கலாமே என்று பரிவு காட்டுவது போல் அழுத்துகிறார்.

2022 ஜூன் மாதம் காலின் எழுதிய பதிலை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆர்வம் போய்விடவில்லை, நீண்ட நாளாக உள்ள மனநலச் சிக்கல்களால் முன்போல் கவனிக்க முடியவில்லை என்கிறார். ஜியா டான் கொஞ்சம் உதவுகிறார், வருங்காலத்தில் அவருக்குப் பெரிய பங்கு கிடைக்கலாம் என்கிறார். இது ஊதியமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்கிற வேலை என்பதையும் நினைவூட்டுகிறார். கோபமே இல்லை அதில். களைத்த மனிதர் ஒருவர், தன்னைத் துன்புறுத்துகிறவர்களுக்கு மரியாதையாக விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அழுத்தம் கொடுத்த அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உண்மையான ஆட்கள் யாரும் அகப்படவில்லை. கூட்டுச் சதியின் அங்கம் என்றுதான் பார்த்தவர்கள் பலரும் முடிவு கட்டினார்கள்.

2023இல் ஜியா டான் தாமே கமிட் செய்கிறார், வெளியீடுகளைக் கொடுக்கிறார். தானியங்கிப் பாதுகாப்புச் சோதனையின் தொடர்பு முகவரி அவர் பெயருக்கு மாறுகிறது. 2024 பிப்ரவரி 24 அன்று 5.6.0 வெளியீடு. அதற்குள் பின்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே நுழைய ஒரு வழி.

அதை வைத்த இடம்தான் பார்க்க வேண்டியது. சுருக்கு மென்பொருளைச் சோதிக்க, வேண்டுமென்றே சிதைத்த மாதிரிக் கோப்புகள் வைப்பது வழக்கம். அவற்றை யாரும் திறந்து படிப்பதில்லை, படித்தாலும் புரியாது. நஞ்சு அதற்குள் இருந்தது. அதை எடுத்து இயக்குகிற சில வரிகள், எல்லோரும் பார்க்கிற மூல நிரல் களஞ்சியமான கிட் ரெப்போவில் இல்லவே இல்லை. வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டிக் கொடுத்த டார் கோப்பில் மட்டும் இருந்தன. ரெப்போவை ஆயிரம் பேர் பார்க்கலாம். டார் கோப்பும் ரெப்போவும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இன்னொரு கோப்பில் ஒற்றைப் புள்ளி; அந்தப் புள்ளியால் ஒரு பாதுகாப்பு வசதி சத்தமில்லாமல் அணைந்தது. புள்ளி ஒன்று கூடினால் என்ன ஆகும் என்று தமிழ் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிடித்தவர் பாதுகாப்பு நிபுணரே இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர், மைக்ரோசாஃப்ட் ஊழியர். ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று பார்க்கிறார். 0.299 விநாடியில் முடிய வேண்டியது 0.807 விநாடி எடுக்கிறது. விட்டிருக்கலாம், நாமெல்லாம் விட்டிருப்போம். அவர் நூலைப் பிடித்துக்கொண்டே போய், 2024 மார்ச் 29 அன்று எல்லோர் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைத்தார். டெபியனின் சோதனைப் பதிப்பிலும் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் வரப்போகிற பதிப்பிலும் அது ஏற்கெனவே நுழைந்திருந்தது. இன்னும் சில மாதம் போயிருந்தால் உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதி ஒரே ஒருவரின் சாவிக்குத் திறந்திருக்கும்.

ஜியா டான் யார் என்று இன்றுவரை தெரியாது. ஒருவரா, குழுவா, ஏதாவது அரசா என்பதும் தெரியாது. கமிட்டுகளில் பெரும்பாலும் கிழக்காசிய நேரம் பதிவாகியிருந்தது. சிலவற்றில் மட்டும் கிழக்கு ஐரோப்பிய நேரம். கணினியின் நேர மண்டலத்தை மாற்ற மறந்திருக்கலாம் என்று ஆய்ந்தவர்கள் ஊகித்தார்கள். அதற்கு மேல் போக முடியவில்லை. அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டோடு வரிசையில் நிற்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

இப்போது என் சங்கடத்தைச் சொல்கிறேன். பெயர் வராத வேலையைப் பொறுமையாகச் செய், பதிலுக்கு நம்பிக்கை வரும் என்று சற்று முன் சொன்னேன். ஜியா டான் செய்தது அச்சு அசலாக அதுதான். இரண்டு ஆண்டு உழைப்பு, பணிவு, உதவி. உழைப்பையும் பணிவையும் நடிக்க முடியும் என்றால் எதை வைத்து ஆளை எடைபோடுவது?

ஆளை எடைபோடுவதை மட்டும் நம்பாதே என்பதுதான் என் கட்சி. நல்லவர் என்று தெரிந்த ஒருவரின் கை வழியாக வந்தாலும், அவரைச் சந்தேகிக்காமலேயே சரிபார்க்கிற வழி இருக்க வேண்டும். ரெப்போவில் உள்ளதிலிருந்து யார் தொகுத்தாலும் பிட் மாறாமல் அதே மென்பொருள் வர வேண்டும் என்று டெபியனில் பல ஆண்டுகளாக ஒரு குழு பாடுபடுகிறது. கேட்க உப்புச்சப்பில்லாத வேலை. எக்ஸ்இசட் விவகாரத்துக்குப் பிறகு அதன் அருமை எல்லோருக்கும் புரிந்தது. அதேபோல, தன் வெளியீட்டை இன்னொருவர் மறுபடி கட்டி ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டால் முகம் சுளிக்காத மெயின்டெய்னர் பாதி தேறிவிட்டார். முகம் சுளிப்பவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் எனக்கு யோசனைதான்.

அடுத்தது, மறுப்பது. 2021இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேண்டுமென்றே பிழையுள்ள பேட்ச்சுகளைக் கெர்னலுக்கு அனுப்பி, பராமரிப்பாளர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று சோதித்த விஷயம் வெடித்தது. கெர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து இனி எதுவும் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார். பழைய மாற்றங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பார்த்தார்கள். அவர் மிகையாக நடந்துகொண்டார் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அவர் பக்கம். மெயின்டெய்னரின் நேரம் யாருடைய ஆய்வுக்கும் இலவச மூலப்பொருள் இல்லை.

மறுப்பதற்கு வேறு முகங்களும் உண்டு. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் உங்கள் ஃபோனில் எத்தனையோ இடத்தில் இருக்கிறது. மூல நிரல் எல்லோருக்கும் பொது. ஆனால் வெளியாட்கள் அனுப்பும் பேட்ச்சை, அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப்பின் குழு எடுத்துக்கொள்வதில்லை. முன்பே சொல்லிவிட்டார்கள், அதனால் யாருக்கும் மனக்குறை இல்லை. கர்ல் மென்பொருளை 1998 முதல் பார்த்துக்கொள்ளும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவு எழுதித் தள்ளுகிற போலிப் பாதுகாப்பு அறிக்கைகளைப் பற்றி 2024 தொடக்கத்திலிருந்தே வெளிப்படையாகப் புலம்புகிறார். அறிக்கை நேர்த்தியாக இருக்கும், ஆங்கிலம் அழகாக இருக்கும், சொல்லப்பட்ட பிழை மட்டும் இருக்காது. இல்லை என்று நிறுவ மனிதர் உட்கார்ந்து மணிக்கணக்கில் படிக்க வேண்டும். டிஷர்ட் காலத்துக் குப்பைக்கு ஒரு பார்வை போதும். இது அப்படியில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் பிழை வெளியானபோது, இணையத்தின் பூட்டாக இருந்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்றும், முழுநேரமாக இருந்தவர் ஒரே ஒருவர் என்றும் தெரிய வந்தது. பெரிய நிறுவனங்கள் பதறிப்போய்ச் சேர்ந்து நிதி கொடுத்தன. பத்து ஆண்டு கழித்து எக்ஸ்இசட்டில் மறுபடியும் தனி ஆள், மறுபடியும் சம்பளம் இல்லை. பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. களைத்தவருக்கு ஒரு மாதம் விடுப்பு எடுக்கவாவது அது உதவும்.

கடைசியாக, விலகுவது. நம்பிக்கை அதிகமாகச் சிதறுவது இங்கேதான். 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜை டொமினிக் டார் என்பவர், பார்த்துக்கொள்கிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பிய முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். டொமினிக்கே அதைப் பயன்படுத்தி ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனால் அவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. வாங்கியவர் பிட்காயின் பணப்பை ஒன்றைக் களவாடும் நிரலை அதில் சொருகினார். டொமினிக்கை அன்று பலரும் ஏசினார்கள். வாரத்துக்கு லட்சக்கணக்கில் அதை இறக்கிக்கொண்டவர்களில் ஒருவராவது, இதை யார் பார்த்துக்கொள்கிறார் என்று அதற்கு முன் விசாரித்திருப்பாரா?

டெபியனில் இதற்குத் துறையே வைத்திருக்கிறார்கள். பேக்கேஜை இனிப் பார்க்க முடியாது என்றால் அநாதை என்று அறிவித்துவிடலாம், அவமானம் ஒன்றும் இல்லை. தத்தெடுக்க ஆள் வரும்வரை ஒரு பொதுக் குழு கவனிக்கும். சத்தமே இல்லாமல் காணாமல் போனவர்களைத் தேடி விசாரிக்கவும் ஒரு குழு உண்டு. பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம், ஒரு சிறிய இலக்கணச் சேர்க்கையைப் பற்றிய கசப்பான சண்டைக்குப் பிறகு 2018 ஜூலையில் தலைமையிலிருந்து ஒதுங்கினார். வாரிசை அவர் கைகாட்டவில்லை, நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். அவர்கள் ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது என்று விதி. நம் ஊரில் எத்தனை சங்கங்களுக்கு இப்படி ஒரு விதி இருக்கிறது?

விம் எடிட்டரை 1991 முதல் பார்த்துக்கொண்டிருந்த பிராம் மோலெனார் 2023 ஆகஸ்ட் 3 அன்று காலமானார். நிரலில் பெரும்பகுதி அவர் கைவழியேதான் போனது. ஆனால் கிட்ஹப்பில் இன்னும் ஓரிருவருக்கும் அனுமதி கொடுத்து வைத்திருந்தார். அவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் பிராபண்ட், பல ஆண்டு பேட்ச் அனுப்பிப் பழகியவர், வேலையை எடுத்துக்கொண்டார். முதலில் புதுமை எதையும் தொடவில்லை. தேங்கிய பிழைகளைத் தீர்த்தார், மற்றவர்களுக்கும் அனுமதி கொடுத்தார். 2024 ஜனவரி 2 அன்று 9.1 வெளியானது, பிராமுக்குச் சமர்ப்பணமாக.

உங்களில் சிலர் ஏற்கெனவே ஏதாவது ஒரு சின்ன பேக்கேஜை வைத்திருப்பீர்கள்; கை தூக்க வேண்டாம், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதன் வெளியீட்டுச் சாவி இன்னொருவரிடம் இருக்கிறதா, கடைசி வெளியீட்டை உங்கள் கணினி இல்லாமல் வேறு ஒருவரால் கட்ட முடியுமா என்று இன்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். முடியாது என்றால் மதியம் நடக்கிற பட்டறைக்கு மடிக்கணினியோடு வாருங்கள். டார் கோப்பையும் ரெப்போவையும் ஒப்பிடுவதிலிருந்து தொடங்கலாம். இப்போது கேள்விகளுக்குப் போவோம்.